பக்கத்து வீட்டுக் கோழி மெலிந்திருக்கிறதா? பதறும் முன் பாருங்கள்!

"அம்மா, பெரியம்மா வீட்டுக் கோழியை வந்து பாருங்களேன். கழுத்துல முடியே இல்ல. முதுகெல்லாம் வெறும் தோலு. ரொம்பப் பாவமா இருக்கு!"

மூன்று வருடத்துக்கு முன் ஒரு புரட்டாசி மாதத்தில் என் மகள் இப்படிச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலைப் பக்கம், கரிசல் காடும் வீடுகளும் கலந்த ஒரு தெருவில் எங்கள் வீடு. எங்கள் கொல்லைக்கும் அடுத்த வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். அங்கே ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். மகன் குடும்பத்தோடு வெளியூரில் வேலை. பெரியம்மாவுக்குத் துணை ஏழெட்டுக் கோழிகள்தான்.

நானும் எட்டிப் பார்த்தேன். மகள் சொன்னது நிஜம். ஒரு கோழிக்குக் கழுத்து மொட்டை. இன்னொன்றுக்கு வால் இறகே இல்லை. மூன்றாவது, ஒரு மூலையில் பழைய சுளகுக்கு அடியில் படுத்தபடி, யார் போனாலும் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. எல்லாம் எலும்பும் தோலுமாகத் தெரிந்தன. எனக்கு மனசு ஆறவில்லை. "சோறு போட முடியாதவங்களுக்குக் கோழி எதுக்கு? வித்துட்டுப் போக வேண்டியதுதானே!" என்று மறுநாள் குழாயடியில் நாலு பேர் நடுவே சொல்லிவிட்டேன்.

குழாயடியில் சொன்னது வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? அன்று பொழுது சாயும் நேரம் பெரியம்மா ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ திண்ணையில் உட்கார்ந்து, கோழியை என் மடியில் வைத்தார்.

"நீ டவுனுக்குள்ள வளர்ந்த பிள்ளை. உனக்குத் தெரியாது தாயி. இந்தா, தொட்டுப் பாரு" என்றார்.

அன்று அரை மணி நேரத்தில் அவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நானே கோழி வளர்த்துத் தெரிந்துகொண்டதையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அதன் பிறகு நான் செய்த இன்னொரு தப்பையும் கடைசியில் சொல்கிறேன்.

பார்த்தால் நோஞ்சான், உண்மையில் இல்லை

முதலில் இறகு. கோழி வருஷத்துக்கு ஒரு முறை பழைய இறகை உதிர்த்துப் புதியது போட்டுக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம்கூட இது நடக்கும். எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை புரட்டாசி, ஐப்பசியில்தான் அதிகம். அப்போது முட்டை நின்றுவிடும். கொண்டை வெளுத்துச் சுருங்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் கழுத்தை மெல்லத் தடவிப் பார்த்தால் முள் முள்ளாகக் கையில் குத்தும். "புது இறகு முளைக்குது. பழைய துணியை அவுத்துப் போட்டுப் புதுசு உடுத்துறா!" என்று பெரியம்மா சொன்னதை நான் மறக்கவே இல்லை. இந்தச் சமயம் கோழிக்கு வெறும் சோறும் தானியமும் போதாது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தலை, கரையான் என்று கொடுத்தால் சீக்கிரம் தேறும்.

சில கோழிக்குப் பிறவியிலேயே கழுத்தில் இறகு இருக்காது. கிராப்புக் கோழி என்பார்கள். உடம்பிலும் மற்றக் கோழிகளைவிட இறகு குறைவு. அதனால் நம் பக்கத்து வெயிலை நன்றாகவே தாங்கும். என் மகள் பார்த்துப் பரிதாபப்பட்ட மொட்டைக் கழுத்துக் கோழி இந்த ஜாதிதான்!

முதுகில் மட்டும் இறகு போயிருந்தால், அது சேவல் மிதித்ததால் இருக்கலாம். ஏழெட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு மூன்று இருந்தால் பெட்டைகள் பாடு திண்டாட்டம். இதற்குத் தீர்வு தீவனம் இல்லை, சேவலைக் குறைப்பது.

அடுத்தது அடைக்கோழி. நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். அந்த 21 நாளும் தினம் ஒரு தரம் எழுந்து, அவசர அவசரமாக இரை தின்று, தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். மெலியத்தான் செய்யும். நெஞ்சு இறகும் போகும். சுளகுக்கு அடியில் படுத்திருந்த கோழியை நான் "சீக்குக் கோழி" என்று நினைத்தேனே, அது பன்னிரண்டு முட்டையோடு அடைகாத்த தாய்! பிள்ளை பெற்ற வீட்டில் தாயைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்பவர்களைக் கண்டால் நமக்கு எப்படி எரிச்சல் வரும்! நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

மண்ணில் குழி பறித்து, ஒருச்சாய்ந்து காலை நீட்டிக் கண்ணைச் செருகிக் கிடந்தாலும் பயப்பட வேண்டாம். அது மண் குளியல். பேன், செள்ளு அண்டாமல் இருக்கக் கோழி தானே செய்துகொள்ளும் வைத்தியம். அந்தக் குழியில் இரண்டு கை அடுப்புச் சாம்பல் போட்டு வைப்பது பெரியம்மாவின் வழக்கம்.

நாள் முழுக்கத் தெருவில் மேய்கிறதே என்றும் குறை சொல்ல வேண்டாம். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கி விடும்போது ஒரு கை கம்போ சோளமோ, பொழுது சாய அடைக்கும்போது ஒரு கை. மீதியைக் கோழி குப்பையைச் சீய்த்துப் புழு, பூச்சி, புல், விதை என்று தானே தேடிக்கொள்ளும். பாட்டி காலத்திலிருந்து நாட்டுக்கோழி இப்படித்தான் வளர்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வளர்ப்பவரிடம் கேட்டுவிட்டுக் கோழியைக் கையில் வாங்கிப் பாருங்கள். இருட்டிய பிறகு என்றால் கத்தாமல் வரும்.

நெஞ்சின் நடுவே ஓர் எலும்பு ஓடும். அதன் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். சதை இருந்தால் சரி. எலும்பு கத்தி முனைபோலத் துருத்திக்கொண்டு, இரு பக்கமும் குழி விழுந்திருந்தால் கோழி நிஜமாகவே மெலிந்திருக்கிறது. நாட்டுக்கோழிக்குக் கறிக்கடைக் கோழி மாதிரி நெஞ்சு சதை இருக்காது. அதையும் நினைவில் வையுங்கள்.

கழுத்தடியில் இரைப்பை இருக்கும். பொழுது சாயப் பார்த்தால் அது நிறைந்து, பந்துபோல இருக்க வேண்டும். விடியற்காலையில் வெறுமையாக இருப்பதுதான் இயல்பு. சாயங்காலமும் வெறுமையாகவே இருந்தால் அன்று வயிறு நிறையவில்லை என்று அர்த்தம்.

எச்சத்தையும் பாருங்கள். மேலே வெள்ளைப் பூச்சோடு கெட்டியாக இருப்பது நல்ல எச்சம். இடையிடையே மெழுகுபோலப் பழுப்பாக ஒன்று விழும். அதுவும் இயல்புதான். தண்ணீராக, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் சீக்கு.

அன்று பெரியம்மா கோழிகளின் இரைப்பை எல்லாம் நிறைந்துதான் இருந்தது. என் முகம்தான் தொங்கிப் போயிற்று.

இவை இருந்தால் நிஜமாகவே கவனிப்பு இல்லை

அதற்காக எல்லாவற்றையும் "அது இயல்பு" என்று விட்டுவிடவும் முடியாது. சில அடையாளங்கள் இருக்கின்றன.

முதலாவது தண்ணீர். கோழிக்கு வியர்வை கிடையாது. அதன் உடம்புச் சூடே நம்மைவிட அதிகம், 106, 107 டிகிரி இருக்கும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கியும், இறக்கையை அகட்டி வைத்துக்கொண்டும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் அருப்புக்கோட்டை வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடு மத்தியானம் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தால், அதுவும் ஒரு நாள் இல்லை, தொடர்ந்து கிடந்தால், அதுதான் பெரிய புறக்கணிப்பு. நிழலில் வைத்த மண்சட்டித் தண்ணீர், காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம் மாற்றினால் போதும். காசு செலவு இல்லை.

இரண்டாவது இரவுப் பாதுகாப்பு. பொழுது சாய்ந்தும் பஞ்சாரத்தில் அடைக்காமல் விட்டால் கீரியும் மரநாயும் பூனையும் சும்மா இருக்காது. அடைத்தாலும், எச்சம் அள்ளாமல் ஈரமும் நாற்றமும் கண்ணை எரித்தால் அதுவும் கோழிக்குக் கேடு.

மூன்றாவது செள்ளும் சொறியும். வால் பக்கத்து இறகை விலக்கினால் பேன் ஊர்வது தெரியும். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியதுபோல இருந்தால் அது ஒரு வகைச் சொறிப்பூச்சி. ஆரம்பத்திலேயே காலைக் கழுவி வேப்பெண்ணெய் தடவி வந்தால் அடங்கும். நடக்கவே முடியாத அளவுக்கு முற்றியிருந்தால் மாதக்கணக்கில் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது, சீக்குக் கோழியை மற்றதோடு சேர்த்தே விட்டு வைப்பது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்கு இராணிக்கேட் நோய் என்று பெயர். வடக்கே மலைப் பக்கத்தில் இராணிக்கேட் என்ற ஊரில் 1920-களில் கண்டறிந்ததால் வந்த பெயர். கோழி தூங்கி வழியும், கழியும், கழுத்து திருகிக்கொள்ளும். ஒரு வீட்டுக்கு வந்தால் தெருவையே துடைத்துவிடும். வந்தபின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசிதான். கோடைக்கு முன், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், கால்நடைத் துறையினர் ஊர் ஊராக இலவசமாகப் போடுகிறார்கள். செத்த கோழியைக் கண்மாய்க் கரையிலோ குப்பையிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். சீக்குக் கோழியை அறுத்துக் குழம்பு வைப்பதும் கூடாது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கோழிக்குஞ்சைக் கையில் வைத்துக் கொஞ்சுவது அழகுதான். ஆனால் கோழி எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் உண்டு. குஞ்சை முத்தமிட விடாதீர்கள். தொட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி விடுங்கள். தவழும் குழந்தையைக் கோழி புழங்கும் இடத்தில் விடவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாயில்லா ஜீவன்களுக்கும் சட்டம் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கு அடிகோலியவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை உண்டாக்கிய அதே அம்மையார்தான். 1950-களில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதற்காகத் தனி மசோதா கொண்டுவந்தார். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். ஒரு பெண்மணியின் முயற்சியால் வந்த சட்டம் என்பதில் நமக்கெல்லாம் பெருமை.

வளர்ப்பவர் போதிய தீனி, தண்ணீர், இடம் கொடுக்காவிட்டால் அது இந்தச் சட்டப்படி குற்றம். கோழியும் இதில் அடக்கம். முதல் தரம் என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான்! இந்தக் காலத்தில் இது ஒரு டம்ளர் டீயிலிருந்து ஆரம்பிக்கிற தொகை. வேண்டுமென்றே வதைப்பவரைத் தடுக்கச் சட்டம் தேவைதான். ஆனால் நம் தெருவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வதை இல்லை. தெரியாமை, முடியாமை, இல்லாமை. இந்த மூன்றுக்கும் அபராதம் மருந்தாகாது. பக்கத்து வீட்டுக்காரிதான் மருந்து. இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன்.

என் இரண்டாவது தப்பு

அந்தப் புரட்டாசிக்கு அடுத்த சித்திரை. பெரியம்மாவின் கோழிகள் காலையில் எங்கள் அடுப்படி வாசலுக்கு வர ஆரம்பித்தன. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினால் ஓடிவந்து முட்டி மோதிக் குடித்தன. வேலி வழியே பார்த்தேன். தண்ணீர்ச் சட்டி காய்ந்திருந்தது. ராத்திரி இரண்டு கோழி வேப்பமரக் கிளையில் உட்கார்ந்திருந்தன. பஞ்சாரம் கவிழ்த்தபடியே கிடந்தது. கொல்லை கூட்டவில்லை.

எல்லாம் என் கண்ணில் பட்டன. பெரியம்மாவே சொல்லிக்கொடுத்த அடையாளங்கள்தானே? ஆனால் போன தரம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. "நமக்கு எதுக்கு வம்பு? மறுபடியும் போய்ச் சொன்னால் என்ன நினைப்பாங்க?" என்று சும்மா இருந்துவிட்டேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள்.

நாலாம் நாள் காலை, கிராப்புக் கோழியை ஏதோ தூக்கிப் போய்விட்டது. வேலியோரம் இறகு மட்டும் கிடந்தது. அப்போதுதான் மனசு கேட்காமல், ஒரு சொம்பு நீராகாரத்தை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன்.

"யாரு, தாயியா? உள்ள வா. எந்திரிக்க முடியல" என்று குரல் வந்தது.

பெரியம்மா கட்டிலில் படுத்திருந்தார். நல்ல காய்ச்சல். குதிகாலில் சீமைக்கருவேல முள் ஏறி எத்தனையோ நாள் ஆகியிருக்கிறது. அவருக்கே தெரியவில்லை. சர்க்கரை நோய் நாளாகிவிட்டால் கால் மரத்துப் போகும், முள் குத்தினாலும் உறைக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். புண் சீழ் வைத்துக் கால் வீங்கியிருந்தது. "மகனுக்குப் போன் போட்டா பதறுவான், ரெண்டு நாள்ல சரியாயிரும்னு படுத்துட்டேன். பாவம், கோழிகதான் பட்டினி" என்று அப்போதும் கோழியைப் பற்றித்தான் சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, புண்ணைச் சுத்தம் செய்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர். புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை கோழிகள் என் பொறுப்பு. மகன் வந்து பார்த்துவிட்டு, இப்போது தினம் இரண்டு வேளை போனில் விசாரிக்கிறார்.

ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். முதல் தரம் குற்றமே இல்லாத இடத்தில் குற்றம் கண்டு, ஊரெல்லாம் பேசினேன். இரண்டாம் தரம் கண்ணெதிரே காய்ந்த சட்டியைக் கண்டும், வாயை மூடிக்கொண்டேன். இரண்டு தரமும் நான் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். நேரே அந்த வாசலுக்குப் போய், "என்ன பெரியம்மா, சௌக்கியமா?" என்று கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது?

ஆகையால் சகோதரிகளே, அடுத்த வீட்டுக் கோழி, ஆடு, நாய் எதுவானாலும் வாடிப் போயிருந்தால், தெருவில் பேசாதீர்கள். போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். ஒரு கிண்ணம் குழம்போ, நாலு முருங்கைக்காயோ கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போங்கள். முதலில் ஆளை விசாரியுங்கள், பிறகு கோழியை விசாரியுங்கள். "ஏன் தண்ணி வைக்கலை?" என்று கேட்டால் அது குற்றப் பத்திரிகை. "உங்களுக்கு உடம்பு முடியலையா? நான் தண்ணி வச்சிரட்டுமா?" என்றால் அது உறவு.

தெரியாமல் செய்கிறவருக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். முடியாதவருக்குக் கை கொடுங்கள். கோழிக்குச் சீக்கு என்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு வழி காட்டுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ வண்டி பற்றி விசாரிக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் வேண்டுமென்றே பட்டினி போடுகிறவர் யாராவது இருந்தால், அப்போது சட்டத்தை நாடுவதில் தப்பே இல்லை.

இன்னொன்று. வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால் தினம் ராத்திரி அவர்கள் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். வெறுங்காலோடு கொல்லைக்குப் போக விடாதீர்கள். பெரியம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். "கோழிக்குச் சிரிப்பா இருக்கும் தாயி" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொள்கிறார்.

இப்போது தினம் காலையில் வாசல் தெளித்ததும் வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பஞ்சாரம் தூக்கியிருக்கிறது, சட்டியில் தண்ணீர் இருக்கிறது என்றால், பெரியம்மா எழுந்து நடமாடுகிறார் என்று நிம்மதியாக அடுப்பைப் பற்ற வைப்பேன். உங்கள் பக்கத்து வீட்டுக் கொல்லையையும் நாளைக் காலை ஒரு தரம் எட்டிப் பாருங்களேன்!